மேசை மேல் இருந்த முட்டை

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடர் போடுவார்கள். ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியாது. எதிர்வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, யார் நல்லவன், எது பூதம் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்வோம். இப்போது அதே தொடரை மகளோடு லேப்டாப்பில் மறுபடி பார்க்கிறேன். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் வண்டி வரும்போது சத்தத்தில் ஒன்றும் கேட்காது. படத்தை நிறுத்தி வைப்பாள். அந்த இடைவெளியில்தான் எங்கள் சண்டை.

அதிகம் சண்டை போட்டது, 1967 மார்ச்சில் அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பான 'தி டெவில் இன் தி டார்க்' பகுதிக்குத்தான். ஒரு கிரகத்தில் சுரங்கம். அங்கே வெட்டியெடுக்கும் தாதுவை நம்பித்தான் பல கிரகங்களின் உலைகள் ஓடுகின்றன. பாறையைக் கரைத்துத் துளைத்து வரும் ஏதோ ஒன்று, 50 பேருக்கு மேல் கொன்றுவிட்டது. அதை ஒழிக்க விண்கலத்தின் கேப்டன் கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்போக்கும் வருகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அது ஹோர்ட்டா என்ற இனத்தின் தாய். புதிய மட்டத்தைத் திறந்தபோது கிடைத்த உருண்டைக் கற்கள் எல்லாம் அதன் முட்டைகள். ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளியிருக்கிறார்கள். சுரங்கத் தலைவரின் மேசையிலேயே ஒன்று இருக்கிறது. நாலு பேர் அதைச் சுற்றி நின்றுகொண்டு பூதத்தை எப்படிப் பிடிப்பது என்று பேசுகிறார்கள்.

சின்ன வயதில் நான் துப்பாக்கியின் பக்கம். மின் நிலையம் ஒன்றில் சாம்பல் பிரிவில் 28 வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டதால் இப்போது சுரங்கத் தொழிலாளியின் பக்கம். கூட நின்று வேலை செய்தவன் கருகிக் கிடந்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? மகள் இதை ஒத்துக்கொண்டாள். அவளுக்கு உறுத்தியது ஸ்போக்.

முதலில், இந்த இனத்தில் இது கடைசி உயிராக இருக்கலாம், உயிரோடு பிடிப்போம் என்று வாதாடுபவர் ஸ்போக்தான். கிர்க் கேட்கவில்லை, கொல்லச் சொல்கிறார். பிறகு பாறை சரிந்து, கிர்க் தனியாக அதன் எதிரில் மாட்டிக்கொள்கிறார். அது பாயவில்லை. தன் காயத்தைத் திருப்பிக் காட்டுகிறது. அவர் சுடாமல் நிற்கிறார். தூரத்திலிருந்து ஸ்போக், சுட்டுவிடுங்கள் என்று பதறுகிறார்.

"கொள்கை எங்கப்பா போச்சு?" என்றாள்.

"மாட்டிக்கிட்டது அவருக்கு வேண்டியவராச்சே."

"வேண்டியவர்னா சரியாயிடுமா?"

ரயில் போய் வெகுநேரம் ஆகியும் நான் படத்தை ஓட்டவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று அவளிடம் சொன்னேன்.

நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30, 40 கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கலந்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவோம். சாம்பல் உரசி உரசிக் குழாய் உள்ளுக்குள்ளேயே மெலிந்துபோகும். பத்து வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை, கொசஸ்தலையாற்றுக் கழி ஓரம் ஓர் இணைப்பு பிய்த்துக்கொண்டது. கழியில் இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மா கரையேறி வந்தார். பல்லில் கவ்வியிருந்த பனையோலைப் பறியை எடுத்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரை சாம்பல் சேறு. "தம்பி, அடியில கைக்கு ஒண்ணும் தட்டுப்படல" என்றார். பறி காலி.

அந்த இணைப்பை முந்தின நாள் பார்த்திருக்க வேண்டியவன் ஒப்பந்தத்தில் இருந்த என் தங்கை மகன். பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் அவன் வேலை போய்விடும். லாக் புக்கில் 'சிறு கசிவு, கவனிக்கப்படுகிறது' என்று எழுதினேன். சிறு கசிவுக்கு யாரும் பம்பை நிறுத்த மாட்டார்கள். மத்தியானம் வரை கழியில் கொட்டியது. நான் எழுதிய மேசையில் குண்டூசி போட்டுவைக்க ஒரு பெரிய கிளிஞ்சல் இருந்தது. குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது கிடைத்தது என்று யாரோ கொண்டுவந்து வைத்தது. எத்தனையோ வருடம் அதிலிருந்து ஊசி எடுத்திருக்கிறேன்.

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மிச்சப் படத்தை ஓட்டினாள். முடிவில் சமாதானம்: முட்டைகளை இனி யாரும் தொட மாட்டார்கள், ஹோர்ட்டாக்கள் சுரங்கம் குடைந்து தரும், மனிதர்கள் தாதுவை அள்ளிக்கொள்வார்கள். எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அதுக்குக் குடையத் தெரிஞ்சிருந்துச்சு, பொழைச்சுது. அந்தம்மாவால உங்க பிளான்ட்டுக்கு என்ன ஆகணும்ப்பா?"

பதில் தேடினேன். நாங்கள் எரிக்கும் விளக்குக்கும் அவருடைய பறிக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. அவர் எங்களிடம் கேட்டதும் எதுவுமில்லை. கையைக் காட்டியதோடு சரி.

தங்கை மகனுக்கு இன்றைக்கும் அந்த லாக் புக் விஷயம் தெரியாது. இப்போது அவனுக்குக் கீழே நாலு பேர் குழாய் பார்க்கப் போகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூப்பிடச் சொல்கிறாள் மகள், இதே படத்துக்கு. கூப்பிட்டிருக்கிறேன்.