வெட்டுப்பட்ட பேரரசர் முகமும் திருவுருவின் புனிதமும்

ஓர் உருவத்தின் புனிதம் அந்த உருவத்திலேயே உறைந்திருக்கிறதா, அதை வணங்குவோர் அதனோடு கொண்ட உறவில் பிறக்கிறதா என்பது சமயச் சிந்தனையின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. இதற்கு நூல்களில் மட்டுமன்றி மண்ணுக்குள்ளும் விடை தேடலாம் என்பதைத் தமிழ்நாட்டில் கிடைத்த உரோமானிய நாணயங்கள் உணர்த்துகின்றன.

1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள கறுக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று வெளிப்பட்டது. அவை பேரரசர் அகஸ்டஸ் காலம் முதல் பேரரசர் வெஸ்பாசியன் காலம் வரை, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி அச்சிடப்பட்ட ‘ஆரியஸ்’ எனப்படும் உரோமானியத் தங்க நாணயங்கள். ஏறத்தாழ 2 செ.மீ. விட்டமும் 8 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உடைய இத்தகைய காசில் பேரரசரின் தலை பக்கவாட்டில் அமைந்திருக்க, அதைச் சுற்றி அவருடைய பெயரும் பட்டங்களும் இலத்தீன் எழுத்துகளில் ஓடுகின்றன. ஆனால் இப்புதையலின் பெரும்பாலான காசுகளில் அந்தத் தலைக்குக் குறுக்கே உளியாலோ கூரிய கருவியாலோ ஆழமான வெட்டு ஒன்று வேண்டுமென்றே இடப்பட்டிருக்கிறது.

அந்த முகம் உரோமில் வெறும் முகமாக மட்டும் கருதப்படவில்லை. கி.மு. 42இல் ஜூலியஸ் சீசர் தெய்வமாக அறிவிக்கப்பட்டதால் அவருடைய வளர்ப்பு மகனான அகஸ்டஸின் காசுகள் அவரைத் ‘தெய்வமானவரின் மகன்’ என்று பொறித்தன, கி.பி. 14இல் அகஸ்டஸும் தெய்வமாக்கப்பட்ட பின், அடுத்து ஆண்ட திபேரியஸின் காசுகளும் அதே பட்டத்தைச் சூடிக்கொண்டன. அகஸ்டஸின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பிடத்துக்கோ பரத்தையர் இல்லத்துக்கோ எடுத்துச் செல்வதுகூடத் திபேரியஸ் ஆட்சியில் மரண தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்ளப்பட்டது என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். உரோமில் தூய்மையற்ற இடத்துக்குக் கொண்டுசெல்லவே அஞ்சப்பட்ட உருவம், கடல் கடந்து தமிழகம் வந்த பின் தயக்கமின்றி வெட்டப்பட்டது.

இவ்வெட்டுக்கு ஆய்வாளர்கள் பல காரணங்களைக் கூறுவர்: உள்ளே மட்டமான உலோகம் வைத்து மேலே பொன் பூசப்பட்ட போலிக் காசா என்று சோதிக்க வெட்டினர் என்பது ஒன்று, காசாகச் செல்லாதபடி செய்து பொன்னின் எடைக்காக மட்டும் அதை ஏற்றனர் என்பது மற்றொன்று, அயல்மன்னனின் உருவத்தையும் அதன் அதிகாரத்தையும் மறுத்தனர் என்பது மூன்றாவது. இவற்றுள் எது உண்மையாயினும், வெட்டியவருக்கு அந்த முகம் வணக்கத்துக்குரியதாக இருக்கவில்லை என்பது உறுதி. அதே வேளையில், பண்டைய உரோமானிய மூலத்திலிருந்து இடைக்காலத்தில் படியெடுக்கப்பட்டு இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படும் பியூட்டிங்கர் வரைபடம், சேரநாட்டு முசிறித் துறைக்கு அருகில் அகஸ்டஸின் கோயில் ஒன்றைக் காட்டுகிறது. ஆக, பண்டைத் தென்னாட்டில் ஒரே பேரரசர் ஓரிடத்தில் கோயில் கொண்டவராகவும் வேறோர் இடத்தில் பொன்னின் மேல் கிடந்த கோடுகளாகவும் இருந்திருக்கிறார்.

இந்த முரணைப் புரிந்துகொள்ள ஆகம மரபு துணைசெய்கிறது. சிற்பி வடித்து முடித்த உருவம் அந்த நிலையில் சிலையே. கண் திறப்பும் பிரதிட்டையும் நிகழ்ந்து, மந்திரத்தால் தெய்வ ஆற்றல் அதில் எழுந்தருளுமாறு வேண்டப்பட்ட பின்னரே அது வழிபாட்டுக்குரிய திருமேனியாகிறது. திருப்பணியின்போது நிகழும் பாலாலயத்தில், மூலவரின் ஆற்றல் கும்பநீருக்கோ மரப்பலகையில் தீட்டிய உருவத்துக்கோ மாற்றப்பட, கல் மீண்டும் கல்லாகி, பணியாளர் கருவறைக்குள் சென்று வேலை செய்ய இயலுகிறது. புனிதம் பொருளோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியதன்று என்பதையும், அழைப்பும் இசைவும் கூடுமிடத்தில் அது குடிகொள்கிறது என்பதையும் இம்மரபு சடங்கின் வாயிலாகவே கற்பிக்கிறது.

ஆர்க்காட்டு வட்டாரத்தில் திமிரிக்கு அருகே, விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவர் மலை இதற்கு மற்றொரு சான்று. பல்லவ மன்னன் நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, நாகநந்தி என்னும் சமண ஆசிரியரோடு பொன்னியக்கியார் என்ற இயக்கியின் (சமணப் பெண் தெய்வத்தின்) திருவுருவம் இம்மலையில் செதுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. திருப்பான்மலை என்று வழங்கிய இச்சமணத் தலம் பிற்காலத்து ஊர்மக்கள் நாவில் பாண்டவர் ஐவரின் மலையானது. பாறை மாறவில்லை, உருவமும் மாறவில்லை. அதை நோக்கிய மக்களின் நினைவு மாறியபோது மலையின் பொருளும் மாறியது.

அப்படியானால் புனிதம் என்பது மனிதரின் கற்பனைதானா என்ற எதிர்வினா எழலாம். தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள அன்பு அவ்விருவரின் உறவில் மட்டுமே வாழ்கிறது என்பதற்காக அதைப் பொய் என்று எவரும் சொல்வதில்லை. அதுபோலவே, வழிபாட்டு உறவில் வாழும் புனிதமும் உண்மையானதே. காசை வெட்டியவர் பிறர் நம்பிக்கையைப் புண்படுத்தும் நோக்கமின்றிப் பொன்னைச் சோதிக்க மட்டுமே உளியை எடுத்திருந்தால் அவரைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் ஒருவர் வணங்கும் உருவம் இது என்று அறிந்த கணத்திலிருந்து, அவ்வுருவம் தமக்குத் தெய்வமாக இல்லாவிடினும், அதைக் கையாள்பவருக்கு ஒரு கடமை உண்டாகிறது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் வேலூர், ஆம்பூர், ஆர்க்காட்டு வட்டாரங்களில் இக்கடமை அன்றாட வாழ்வின் அறமாகும்: பிறர் தெய்வத்தை ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் எவருக்கும் இல்லை, ஆனால் அவர்கள் அதனோடு கொண்ட உறவை மதிக்கும் பொறுப்பு, அதை அறிந்த அனைவருக்கும் உண்டு.