யார் ஆண்டால் என்ன?

பி.ஏ. படிக்கும்போது இங்கிலீஷ் பாடத்தில் ஜூலியஸ் சீசர் நாடகம் வைத்திருந்தார்கள். ரோமின் சுதந்திரத்தைக் காப்பாற்றத்தான் புரூட்டஸ் தன் நண்பனையே குத்தினான் என்று ஆசிரியர் உருகி உருகி நடத்தினார். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "யாருடைய சுதந்திரம் சார்?" என்று கேட்டேன். "ஒனக்கெல்லாம் எதுக்குடா இந்த ஆராய்ச்சி? உக்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன். கேள்வி உட்காரவில்லை.

எங்க ஆயா எதற்கெடுத்தாலும் ஒரு சொலவடை சொல்லும்: ராமன் ஆண்டா என்னா, ராவணன் ஆண்டா என்னா. நாத்து நடுற கைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரோமில் குடியரசு போய்ப் பேரரசு வந்த கதையைப் பின்னாளில் படித்தபோது, ஆயாவின் பேச்சு அங்கேயும் பொருந்துமா என்றுதான் முதலில் பார்த்தேன். சுதந்திரமே இல்லாதவன், சுதந்திரம் பறிபோனதற்கு அழ வேண்டுமா?

ஆயா பக்கம் நியாயம் நிறைய. குடியரசு என்ற பேரில் ரோமை ஆண்டது செனட். பெருநிலக்காரக் குடும்பங்களின் கூடாரம் அது. போரில் பிடிபட்டவர்கள் அவர்களுடைய பண்ணைகளில் அடிமைகளாகச் சாகும்வரை உழைத்தார்கள். கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் எழுந்தார்கள். 71இல் தோற்றார்கள். பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரம் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். செய்தது எந்தச் சக்கரவர்த்தியும் இல்லை. குடியரசுதான்.

புரூட்டஸையே எடுத்துக்கொள்வோம். சைப்ரஸ் தீவின் சலாமிஸ் ஊருக்குப் பினாமி பேரில் 48 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தான். வசூலுக்குப் போன அவன் ஆள், குதிரைப்படையோடு ஊர்ச் சபையை முற்றுகையிட்டதில் உறுப்பினர்கள் ஐந்து பேர் பட்டினியால் செத்தார்கள். சிசரோவின் கடிதங்களிலேயே இது இருக்கிறது. சீசரைக் கொன்றபின் புரூட்டஸ் அடித்த நாணயத்தில் இரண்டு குத்துவாள், நடுவே ஒரு தொப்பி. விடுதலையான அடிமை தலையில் வைக்கிற தொப்பி அது. கந்துவட்டிக்காரன் அடிமையின் தொப்பியை எடுத்துத் தன் காசில் போட்டுக்கொண்டான்!

அப்படியானால் அந்தக் குடியரசு ஒழிந்ததே நல்லது என்று முடித்துவிடலாமா? பல வருசம் நான் அப்படித்தான் நினைத்தேன். கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். அது தப்பு என்று இப்போது படுகிறது.

அந்தக் குடியரசுக்குள் ஏழைகள் போராடி வாங்கியது ஒன்று இருந்தது. பிளெபியர் எனப்பட்ட சாமானியக் குடிகள், கடன் கொடுமை தாங்காமல் கி.மு. 494இல் ஊரைவிட்டே வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்தார்கள் என்பது ரோமர்கள் வழிவழியாகச் சொன்ன வரலாறு. படைக்கு ஆள் இல்லை. மேட்டுக்குடி இறங்கி வந்தது. அப்படிக் கிடைத்ததுதான் டிரிப்யூன் பதவி. டிரிப்யூன் மேல் யாரும் கைவைக்கக் கூடாது. அவர் வீட்டுக் கதவு ராப்பகலாகத் திறந்திருக்க வேண்டும். அதிகாரிகளின் உத்தரவை 'தடுக்கிறேன்' என்ற ஒரே சொல்லால் அவர் நிறுத்தலாம். அடிமைக்கு அதில் பங்கில்லை. பெண்ணுக்கு ஓட்டில்லை. இருந்தாலும், மேலே இருப்பவனை நிறுத்தக் கீழே இருப்பவன் கையில் ஒரு சொல் இருந்தது.

கி.மு. 133இல் டிபேரியஸ் கிராக்கஸ் என்ற டிரிப்யூன் நிலத்தில் கைவைத்தார். பொதுநிலத்தை ஒருவர் 500 யூகெரத்துக்கு மேல், அதாவது சுமார் 300 ஏக்கருக்கு மேல், வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். மிச்சம் நிலமில்லாதவனுக்கு என்றார். தலைமைக் குருவான நாசிகா முன்னே வர, செனட்டர்கள் பெஞ்சுக் கால்களாலும் தடிகளாலும் அவரை அடித்தே கொன்றார்கள். கூட இருந்தவர்கள் 300 பேருக்கு மேல் செத்தார்கள். பிணங்களை டைபர் ஆற்றில் வீசினார்கள். 12 வருசம் கழித்துத் தம்பி கையஸும் அவர் ஆட்களும் அழிக்கப்பட்டார்கள். அந்தப் படுகொலையை நடத்திய கான்சல் ஒபிமியஸ், அப்புறம் நல்லிணக்கத் தேவதைக்குக் கோயில் கட்டினான்.

குடியரசுக்குச் சாவு விழுந்தது அன்றைக்குத்தான் என்பேன். நிலமில்லாதவன் பட்டாளத்தில் சேர்ந்தான். சட்டம் கொடுக்காத நிலத்தைத் தளபதி கொடுப்பான் என்று நம்பினான். கி.மு. 88இல் சுல்லா, 49இல் சீசர் என்று தளபதிகள் ரோம் மீதே படையோடு வந்தார்கள். 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இரண்டு எச்சரிக்கை கொடுத்தார். அரசியலில் சமத்துவத்தை வைத்து, வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வை வளர்த்தால் ஜனநாயகம் தகர்ந்துபோகும். தலைவன் மீது வைக்கும் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும். ரோமில் முதலாவதுதான் இரண்டாவதைப் பெற்றது.

சீசரின் வாரிசு கெட்டிக்காரன். குடியரசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியே கி.மு. 27இல் அகஸ்டஸ் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டான். செனட் இருந்தது, கான்சல் இருந்தார், டிரிப்யூனும் இருந்தார். ராஜா என்ற பேர் மட்டும் இல்லை. கி.மு. 23இல் டிரிப்யூனின் அதிகாரத்தை ஆயுள் முழுக்கத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். அவன் மேட்டுக்குடி, டிரிப்யூன் பதவிக்கு நிற்கவே முடியாது. பதவியை விட்டுவிட்டு அதிகாரத்தை மட்டும் உருவிக்கொண்டான். ரோமில் 2 லட்சம் பேருக்குத் தானியம் கிடைத்தது. அவன் செத்த கி.பி. 14இல், அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பது மக்கள் சபையிலிருந்து செனட்டுக்குப் போனது. வயிற்றுக்குப் போட்டுவிட்டு வாயைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடிமைகளுக்கு? ஓடிப்போய் ஆயுதம் தூக்கிய சுமார் 30,000 பேரைப் பிடித்து, தண்டிக்கச் சொல்லி எசமானர்களிடம் ஒப்படைத்ததைத் தன் சாதனைப் பட்டியலிலேயே எழுதி வைத்தான். அந்த இடத்தில் ஆயா சொன்னது சரி.

ஆனால் கி.பி. 61இல் நடந்ததைக் கேளுங்கள். பெடானியஸ் என்ற நகரத் தலைமை அதிகாரியை அவனுடைய அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். அந்தக் கூரையின் கீழிருந்த அடிமைகள் எல்லாரையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். 400 பேர். பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு. ரோமின் சாமானியர்கள் செனட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். கல்லும் தீப்பந்தமும் எடுத்தார்கள். செனட் கொல் என்றது. 'தடுக்கிறேன்' என்று சொல்லும் அதிகாரம் அன்றைக்கு யார் கையில்? நீரோ கையில். அவன் கொலைக்களத்துக்குப் போகிற வழி நெடுகச் சிப்பாய்களை நிறுத்தினான். 400 பேரும் செத்தார்கள்.

குடியரசு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. 6,000 சிலுவையை மறக்க முடியாது. ஆனால் அடிமைக்காகத் தெருவுக்கு வந்த அந்த ஜனங்களிடம், கல்லைத் தவிர ஒரு சொல்லும் இருந்திருக்கும். நாம் அழ வேண்டியது அந்தச் சொல்லுக்காக, செனட்டுக்காக இல்லை.

ஆயா இன்றைக்கு இருந்தால் இதைச் சொல்லுவேன்: ராமனா ராவணனா, அது கெடக்கட்டும் ஆயா. எவன் ஆண்டாலும் 'நிறுத்து'ன்னு சொல்ற வாய் நம்மகிட்ட இருக்குதா, இல்ல நம்ம பேரச் சொல்லி அவனே எடுத்துக்கினானா? அத மட்டும் பாரு.