பறிக்கிற கூலியும் அடுக்குகிற கூலியும்

கூலி என்பது செய்த வேலைக்கான மதிப்பா, உழைப்பவரின் தேவைக்கான ஈடா? 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் தேவையின் பக்கம் நின்றது. சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாத கூலியை அவரே சம்மதித்து வாங்கினாலும் அது அநீதிதான் என்றது. முதலாளிகளை நோக்கி அன்று அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். ஆனால் அந்த மடல் மனத்தில் வைத்திருந்த தொழிலாளி, மனைவி மக்களைக் காப்பாற்றும் ஆண். பெண்ணின் இயல்புக்கு ஏற்றது வீட்டு வேலையே என்றும் அது கருதியது.

இந்த எண்ணம் சட்டமானால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். 1907-இல் நீதிபதி ஹிக்கின்ஸ் 'ஹார்வெஸ்டர்' தீர்ப்பில், ஒரு தொழிலாளி குடும்பத்தோடு கண்ணியமாக வாழ நாளொன்றுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று கணக்கிட்டார். 1912-இல் மில்டுரா பழத்தோட்ட வழக்கு அவரிடம் வந்தது. பழம் பறிப்பது ஆண்களின் வேலை. அதைச் செய்கிற பெண்ணுக்கும் ஆணின் கூலியே தரவேண்டும், இல்லாவிட்டால் குறைந்த கூலிக்கு வரும் பெண்கள் ஆண்களின் பிழைப்பைக் கெடுத்துவிடுவார்கள் என்றார். பழத்தைப் பெட்டியில் அடுக்குவதோ பெண்களின் வேலை. அதற்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்றார். பெண்ணுக்குப் பொதுவாகக் குடும்பப் பொறுப்பு இல்லை என்பது அவர் சொன்ன நியாயம். அப்படியானால் திருமணமாகாத ஆணுக்கு ஏன் குடும்பக் கூலி? பிள்ளைகளைத் தனியே வளர்த்த விதவைக்கு ஏன் அது இல்லை? உண்மையில் தேவையை யாரும் அளக்கவில்லை. ஆணா பெண்ணா என்று மட்டுமே பார்த்தார்கள். சம மதிப்புள்ள வேலைக்குச் சமக் கூலி என்ற விதியை அந்நாட்டின் நடுவர் மன்றம் ஏற்க 1972 வரை ஆயிற்று.

தன் பணத்தைத் தன் விருப்பப்படி கொடுக்க முதலாளிக்கு உரிமை இல்லையா என்று மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையைக் காட்டி ஒருவர் கேட்கலாம். அந்தத் தோட்ட உரிமையாளர் கடைசியில் வந்தவருக்கும் ஒரு நாளின் முழுக் கூலியைக் கொடுத்தார். பேசிய கூலியில் எவருக்கும் குறைக்கவில்லை. கூட்டிக் கொடுக்கும் தாராளத்தை வைத்துக் குறைத்துக் கொடுப்பதை நியாயப்படுத்த முடியாது. மகப்பேற்றுக்காகப் பெண்கள் வேலையை இடையில் விடுகிறார்கள், குறைந்த நேரம் உழைக்கிறார்கள் என்பது இதைவிட வலுவான வாதம். ஊதிய இடைவெளியின் ஒரு பகுதிக்கு அது காரணம்தான். ஆனால் மில்டுராவில் அதே தோட்டத்தில் அதே நேரம் உழைத்தவளின் ஒரு மணி நேரக் கூலி ஏன் குறைந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. வெவ்வேறு வேலைகளை எப்படி ஒப்பிடுவது என்றும் கேட்பார்கள். திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றைப் பார்த்துப் பதவிகளுக்குப் படிநிலை வகுக்கிற ஒவ்வொரு நிறுவனமும் அந்த ஒப்பீட்டைத்தான் செய்கிறது.

சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கோரும் 1951-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. ஆனால் நம்முடைய 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்பதோடு நின்றுவிட்டது; அதன் இடத்தில் வந்த 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதோடு நின்றுவிடுகிறது. பெண்களே நிறைந்திருக்கும் செவிலியர் பணியின் ஊதியத்தை வேறொரு தொழிலோடு ஒப்பிட்டுக் கேட்க அவற்றில் இடமில்லை. 1995-இல் பெண்களுக்கு எழுதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சம வேலைக்குச் சம ஊதியம் கோரினார். மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடத்துகிற திருச்சபை அதற்கு அடுத்த படியான, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பதையும் கேட்க வேண்டும். தன் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.