எட்டு மணித்தியால விருந்தாளி

காலையில் ஓர் ஊருக்குள் நுழைந்து மாலையில் அங்கிருந்து வெளியேறிவிடும் ஒருவரை நாம் எந்தப் பெயர் கொண்டு அழைப்பது? அவர் அவ்வூரில் உறங்குவதில்லை. அநேகமாக உண்பதுமில்லை. எவருடைய வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. விருந்தாளி என்று சொல்வதானால் விருந்தளிப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். வழிப்போக்கர் என்று சொல்வதானால் வழியில் அவருக்கு ஏதேனும் ஒரு தேவை இருக்க வேண்டும். வாடிக்கையாளர் என்றாலோ, அவர் பணம் செலுத்தியதில் பெரும்பகுதி ஊருக்கல்ல, அவரைக் கொண்டுவந்த கப்பலுக்கு. இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஒருவரை எப்பெயரால் அழைக்கிறோமோ அதனைப் பொறுத்தே அவருக்குரிய உரிமைகளும் கடமைகளும் அமைகின்றன.

ஐரோப்பாவின் துறைமுக நகரங்களில் உல்லாசக் கப்பல்கள் தரித்து நிற்கும் வேளைகளில் பயணிகளைக் கரைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவரும் ஏற்பாட்டை மனதிற் கொண்டே இக்கேள்வியை எழுப்புகிறேன். கப்பல் இரவில் ஓடும். விடியும்போது புதியதொரு துறைமுகம். காலையுணவின் பின் ஒவ்வொருவர் சட்டையிலும் இலக்கமிட்ட வில்லை ஒட்டப்படும். அதே இலக்கம் எழுதிய தட்டியொன்றை உயர்த்திப் பிடித்தபடி வழிகாட்டி முன்னே நடப்பார். அவர் சொல்வது காதிற் செருகிய சிறு கருவியில் கேட்கும். பின்னேரம் குறித்த நேரத்துக்குள் எல்லோரும் கப்பலேறிவிட வேண்டும். கப்பல்காரர் ஒழுங்கு செய்த பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும்; தன்பாட்டில் ஊர் சுற்றப் போனவர் தாமதித்தால் காத்திருக்காது. இந்த ஒரு விதியே பெரும்பாலானோரை இலக்கத்தட்டியின் பின்னால் நடக்க வைத்துவிடுகிறது.

பயண நிரலில் உரோம் என்று அச்சிட்டிருக்கும். கப்பல் நிற்பதோ எழுபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிவித்தாவெக்கியாவில். பாரிஸ் என்றிருந்தால் அது லு ஹாவ்ர். அங்கிருந்து பாரிசுக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர். பகற்பொழுதின் பாதி பஸ்ஸின் ஜன்னலோரத்திலேயே கழிந்துவிடும்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்த நண்பர் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் குடியிருக்கிறார். அண்மையில் தன் உம்மாவையும் அழைத்துக்கொண்டு மத்தியதரைக் கடலில் அவ்வாறானதொரு பயணம் போய்வந்தார். ஜெனோவா, நாப்போலி, மெஸ்ஸினா, மோல்டாவின் வலெட்டா, பார்ஸலோனா, மார்ஸேய் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊர். 'ஏழு நாட்களில் நான்கு நாடுகள் பார்த்து முடித்தோம்' என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். இன்ன நாட்டார் நல்லவர்கள், இன்ன நாட்டார் முகங்கொடுத்துப் பேசாதவர்கள் என்றும் வகைப்படுத்தியிருந்தார்.

'பார்த்து முடித்தோம்' என்ற சொல் என்னை உறுத்தியது. ஒரு நூலை வாசித்து முடிக்கலாம். ஓர் ஊரை எப்படிப் பார்த்து முடிப்பது? இதனை நான் கேட்டெழுதியபோது அவர் அனுப்பிய பதில் என்னைச் சிறிது நேரம் மௌனமாக்கியது. அவரது உம்மாவுக்கு முழங்கால் மடக்க இயலாது. புகையிரத நிலையப் படிகளும் ஹோட்டல் மாற்றங்களும் அவருக்கு ஆகாதவை. 'உம்மா தள்ளுநாற்காலியில் இருந்தபடி நாப்போலி விரிகுடாவில் அந்த எரிமலையைக் கண்டு ஸுப்ஹானல்லாஹ் என்றார். அதற்கு நீ என்ன பெயர் வைப்பாய்?' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நடக்கவியலாத ஒருவரையும் பூமியின் அழகுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தும் ஒரு சாதனத்தை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே இக்கட்டுரை அப்பயணிகளைப் பழிப்பதற்கானதல்ல.

ஊர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வெனிஸின் பழைய தீவு நகரில் 1951இல் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. வாழும் வீடுகள் பயணிகளின் வாடகை அறைகளாயின. 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஸன் மார்க்கோ சதுக்கத்தின் முன்னாலுள்ள நீர்வழியால் செல்வதை இத்தாலிய அரசு 2021 ஆகஸ்டில் தடை செய்தது. 2024 ஏப்ரலில் இருந்து, குறித்த சில நாட்களில் பகற்பொழுது மட்டும் வந்துபோவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடும் முறையை வெனிஸ் ஆரம்பித்தது. இதில் சிந்திக்கத்தக்க ஒன்றுண்டு: இரவு தங்குபவருக்கு அக்கட்டணம் இல்லை. தங்குவோரிடம் வேறு வரி உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஊரில் உறங்குபவரையும் உறங்காதவரையும் அந்நகர் இரு வேறு இனத்தவராகக் கருதத் தொடங்கியுள்ளது.

குரோஷியாவின் டுப்ரோவ்னிக் இன்னும் சுவையான உதாரணம். கொள்ளைநோய் பரவிய இடங்களில் இருந்து வருவோர் முப்பது நாட்கள் வெளியே தங்கியிருந்த பின்னரே நகருக்குள் வரலாம் என்று 1377இல் சட்டம் செய்த ஊர் அது. அன்று அதன் பெயர் ரகூஸா. வெனிஸ் போன்ற நகரங்களில் பின்னர் அது நாற்பது நாட்களாகி, தனிமைப்படுத்தலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரையே தந்தது. அதே நகரம் இக்காலத்தில் உல்லாசக் கப்பல் நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. ஒரே வேளையில் இரு கப்பல்களும் நாலாயிரம் பயணிகளும்தான் வரலாம். வந்த கப்பல் எட்டு மணித்தியாலமாவது தரித்து நிற்க வேண்டும். சனநெரிசல் ஒரே நேரத்தில் குவியாதிருக்கவே இவ்விதி. ஆயினும் ஒரு காலத்தில் 'உடனே உள்ளே வராதே' என்ற ஊர் இப்போது 'உடனே போய்விடாதே' என்று சொல்வதாகவும் இதனை வாசிக்கலாம்.

எண்ணிக்கையைக் குறைத்தால் நெரிசல் குறையும். எனது கேள்வி அதனால் தீராது. கப்பலில் இருந்து ஒரேயொரு பயணி இறங்கி வந்தாலும் அவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

விருந்தாளிக்கு எமது மார்க்கம் வகுத்த ஒழுங்கு எல்லோரும் அறிந்ததே. விருந்தோம்பல் மூன்று நாட்கள். அதற்கு மேற்பட்டது தர்மம். வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும் வரை விருந்தாளி தங்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இங்கு வகுக்கப்பட்டிருப்பது மேல் எல்லை. ஆகக் குறைந்தது இவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்று ஒரு கீழ் எல்லையை வகுக்க வேண்டிய தேவை அன்று எழவில்லை. பாலைவனத்தில் ஒட்டகத்திலிருந்து இறங்கியவர் தண்ணீர் கேட்காமல், நிழலில் ஒதுங்காமல், சுற்றிப் பார்த்துவிட்டு மட்டும் ஏறிப் போய்விடுவார் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாருள் ஒருவர் வழிப்போக்கர். சொந்த ஊரில் அவர் செல்வந்தராக இருக்கலாம். வழியில் கையறுந்து நிற்கும்போது அவர் ஏழை. அவருக்கு உரிமை உண்டாகிறது. ஆக, பயணி என்பவரின் உரிமைக்கு அடிப்படை அவருடைய தேவை. உல்லாசக் கப்பலின் வேலையோ தேவையை இல்லாமலாக்குவதுதான். கட்டிலும் உணவும் மருத்துவரும் பயணியின் கூடவே துறைமுகத்துக்குத் துறைமுகம் மிதந்து வருகின்றன. ஊரிடம் அவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. கேட்காதவருக்கு ஊரும் எதையும் சொல்வதில்லை.

இதனைத் தெளிவாக்க, மெஸ்ஸினாவில் கரையொதுங்கிய வேறொரு பயணியைப் பார்ப்போம். கிரனாதாவில் ஆளுநரிடம் எழுத்தராக இருந்த இப்னு ஜுபைர் 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். திரும்பும் வழியில், 1184 டிசம்பரில், ஒரு ரமழான் மாதத்து இரவில், அவர் வந்த கப்பல் மெஸ்ஸினா நீரிணையில் உடைந்தது. கிறிஸ்தவ மாலுமிகளின் கப்பல் அது. சிசிலியின் மன்னன் இரண்டாம் வில்லியம் அப்போது மெஸ்ஸினாவில் இருந்தான். கரை சேர்க்கும் படகுகளுக்குக் கூலி கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்களுக்காக அவன் தன் பணத்தைக் கொடுத்ததாக இப்னு ஜுபைர் எழுதுகிறார்.

அவ்வளவு நடந்தும் மெஸ்ஸினாவைப் பற்றி அவருடைய தீர்ப்பு கடுமையானது. அழுக்கு நிறைந்த ஊர், அந்நியனுக்கு அங்கு அன்பில்லை என்ற பொருள்பட எழுதிவிட்டார். எனது நண்பரின் மின்னஞ்சலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இப்னு ஜுபைர் அத்தோடு ஊரைப் பார்த்து முடித்துவிடவில்லை. அதே மெஸ்ஸினாவில், அரண்மனைப் பணியாளருள் ஒருவரான அப்துல் மஸீஹ் என்பவரைச் சந்தித்தார். அம்மனிதர் தன் அறையில் இருந்தோரை வெளியே அனுப்பிவிட்டு, தான் ஈமானை மறைத்து வாழ்வதைச் சொன்னார். மக்காவைப் பற்றி ஆவலோடு விசாரித்தார். அங்கிருந்து கொண்டுவந்த ஏதேனும் ஒரு பொருளை ஞாபகார்த்தமாகத் தரும்படி கேட்டார்.

பின்னர் தராப்பனியில், ஊர் திரும்பக் கப்பலுக்காக இப்னு ஜுபைர் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கப்பல்கள் வெளியேறுவதை மன்னன் தடுத்து வைத்திருந்த காலம் அது. நோன்புப் பெருநாளன்று அவ்வூர் முஸ்லிம்கள் மேளமும் கொம்பும் முழங்கத் தொழுகைத் திடலுக்குப் போனதையும், கிறிஸ்தவர் அதனைப் பொறுத்துக்கொண்டதையும் வியந்து எழுதுகிறார். அன்று மாலையே கப்பலேறியிருந்தால் சிசிலி முஸ்லிம்கள் குறையேதுமின்றி வாழ்கிறார்கள் என்றே உலகுக்குச் சொல்லியிருப்பார். அவர் கண்ணால் கண்டது அதுதான். ஆனால் அதே தராப்பனியில்தான், மதம் மாற நெருக்கப்படுவதன் வேதனையைப் பெரிய மனிதர்களே அவரிடம் மனந்திறந்து சொன்னார்கள். தன் பருவ வயது மகளை, இஸ்லாமிய நாட்டில் வாழ வேண்டும் என்பதற்காகவே, ஹஜ் முடித்துத் திரும்பும் பயணியொருவருக்கு மணமுடித்துக் கொடுக்க முன்வந்த தந்தையைப் பற்றியும் எழுதுகிறார். மகளை இனி ஒருபோதும் காணமாட்டேன் என்று அறிந்தே அத்தந்தை அம்முடிவுக்கு வந்தார். இதனை எந்த வழிகாட்டி காதுக்கருவியில் சொல்லுவார்?

இன்றும் மெஸ்ஸினாவில் கப்பல்கள் பேராலயத்துக்குச் சமீபமாகவே கட்டப்படுகின்றன. நண்பகலில் அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தில் இயந்திரச் சிங்கம் கர்ச்சிக்கும். இயந்திரச் சேவல் கூவும். நண்பரும் உம்மாவும் அதனைக் கண்டு மகிழ்ந்தார்கள். அக்கோபுர மணிக்கூடு 1933இல் பொருத்தப்பட்டது. 1908 டிசம்பர் 28இல் நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் பல்லாயிரம் உயிர்களோடு அழிந்து மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட நகரம் அது. ஸுனாமிக்குப் பின் மீண்டெழுந்த எமது கரையோர ஊர்களில் வாழ்வோருக்கு மெஸ்ஸினாக்காரரிடம் கேட்பதற்கு எவ்வளவோ இருந்திருக்கும். சிங்கம் கர்ச்சித்து முடிய, கூட்டம் கலைந்து போகிறது.

நீண்ட காலம் தங்கிவிட்டால் மட்டும் ஊர் விளங்கிவிடுமா என்று சிலர் கேட்கலாம். இல்லைதான். எமது நாட்டில் நூறாண்டுக்கு மேல் இருந்து ஆண்டவர்களுள் எம்மை அறிந்தவர்கள் மிகச் சொற்பம். ஆள வந்தவருக்கு எம்மிடம் உத்தரவிடத் தெரிந்திருந்தது, கேட்கத் தெரிந்திருக்கவில்லை. காலத்தோடு, கேட்கும் நிலையில் இருப்பதும் வேண்டும். இப்னு ஜுபைர் கப்பல் உடைந்து நனைந்த உடையோடு வந்தவர். அதனாற்றான் மற்றவர்கள் தம் குறையை அவரிடம் சொல்லத் துணிந்தார்கள்.

அந்தக் கருத்தில் பார்த்தால், இன்றைய துறைமுகத்தில் உண்மையான வழிப்போக்கர் வேறெங்கோ இருக்கிறார். பயணிகள் பஸ் ஏறிய பின், கப்பலின் பின்வாசலால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளைச் சேர்ந்த ஊழியர்கள் இரண்டொரு மணித்தியாலம் விடுப்பில் இறங்குகிறார்கள். அவர்கள் தேடுவது பேராலயத்தை அல்ல; வீட்டோடு பேச ஓர் இணைய இணைப்பை. கடற்றொழிலாளர் கரையிறங்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் உடன்படிக்கை ஏற்றுக்கொண்டுள்ளது. 1920இல் கிளாஸ்கோ நகரில் கத்தோலிக்கர் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் போன்ற அமைப்புகள் பல துறைமுகங்களில் இவர்களை மதம் பாராது வரவேற்கின்றன. படகுக் கூலி கொடுத்த வில்லியம் மன்னனின் வேலை அக்கரையில் இன்னும் நின்றுவிடவில்லை. தேவையோடு வருபவருக்கு ஐரோப்பாவிலும் விருந்தோம்பல் இருக்கிறது.

அப்படியாயின் எட்டு மணித்தியாலப் பயணியின் கடமை என்ன? அவர் போகாதிருக்க வேண்டும் என்பதல்ல எனது வாதம். எமது சட்ட மரபில் அவருக்கு மிகப் பொருத்தமான ஒரு பெயர் இருப்பதாக எண்ணுகிறேன்: சாட்சி. சாட்சியின் கடமை கண்டதைக் கண்டபடி சொல்வது; காணாததைச் சேர்க்காதிருப்பது. நாற்காலியில் இருந்த அந்த உம்மா, மலையைக் கண்டு படைத்தவனைப் புகழ்ந்தார். அவருடைய சாட்சியம் குறைவற்றது. நாப்போலி மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மகனோ நான்கு நாட்டு மக்களின் குணத்துக்கும் சாட்சியம் சொல்லிவிட்டார். ஒரு சமூகத்தைப் பற்றி வெளியார் ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதியவை எவ்வளவு தூரம் பரவி, எவ்வளவு காலம் நிலைத்து, என்னென்ன தீங்கு செய்யும் என்பதை எம்மைப் போன்ற சிறுபான்மையினருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கடமை சிறியது. கப்பலில் எல்லாம் இருந்தாலும், கரையில் எதையேனும் ஒன்றைக் கேட்பது. வழி கேட்கலாம். ஒரு பாண்துண்டு வாங்கலாம். தொழுவதற்கு ஒதுக்கமான ஓர் இடம் எங்கே என்று கடைக்காரரிடம் விசாரிக்கலாம். பதில் சொல்ல வாய் திறக்கும் அந்த ஒருவரிடத்திலாவது, எட்டு மணித்தியாலத்துள் சில நிமிடங்களுக்கு, அவர் விருந்தாளியாக இருப்பார்.