பூந்தோட்டத்து அரசர்



இத்தாலியில், பிரான்ஸ் எல்லையருகே, செபோர்கா என்றொரு மலைக்கிராமம் உண்டு. வாழ்வோர் ஏறக்குறைய 300 பேர். முற்காலத்தில் லெரின்ஸ் மடத்துத் துறவிகளான புனித ஆசீர்வாதப்பர் சபையாருக்கு உரித்தாயிருந்த இவ்வூரை, 1729இல் அவர்கள் சவோய் அரசகுலத்துக்கு விற்றனர். அவ்விற்பனை முறைப்படி பதியப்படவில்லை, ஆகவே எமதூர் தனிநாடே எனக் கூறிய ஜோர்ஜியோ கார்போனே என்னும் பூச்செய்கையாளர், 1963இல் ஊராரின் சம்மதத்தோடு முதலாம் ஜோர்ஜியோ இளவரசரானார். நாணயமும் வெளியிட்டார். இத்தாலிய அரசு ஏற்கவில்லை. அவரோ 2009இல் இறக்கும்வரை பட்டத்தை விடவில்லை.

சிரிக்கிறோமா? சற்றுப் பொறுப்போம். நம் இல்லங்களிலே முடிசூடியிருப்போர் எத்தனை பேர்! தகப்பன் சொல்லே சட்டம். மனைவி மக்கள் வெறும் குடிகள். செபோர்கா இளவரசருக்காவது ஊராரின் சம்மதம் இருந்தது. நம் முடிக்குச் சம்மதித்தவர் யார்?

அப்பம் உண்ட மக்கள் தம்மை அரசராக்க முனைந்தபோது, ஆண்டவர் தனியே மலைக்கு விலகிச் சென்றார். இறுதி இரவிலோ துண்டை இடையில் கட்டிச் சீடரின் பாதங்களைக் கழுவினார். அதுவே அவரது ஆட்சி.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், நம் குரலுக்கு அஞ்சி வாய்மூடியிருக்கும் ஒருவரிடம், "உன் எண்ணம் என்ன?" என்று கேட்போம். கேட்டபின் பொறுமையோடு செவிசாய்ப்போம். கிறிஸ்து அரசர் நம் இல்லத்தை ஆள்வாராக. ஆமென்.