காத்திருக்கும் கரு

தானாக வளரும் விதையைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை மாற்கு நற்செய்தியில் நாம் வாசித்திருக்கிறோம். விதைத்தவன் அறியாமலேயே விதை முளைத்து வளர்கிறது. அந்த இரகசியத்தின் ஒரு பகுதியை மனிதன் இன்று அறிந்துகொண்டுவிட்டான். அறிந்தவற்றையெல்லாம் செய்துவிட அவனுக்கு உரிமை உண்டா? உண்டெனில் அதன் எல்லை எது? வட ஐரோப்பியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தை முன்வைத்து இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

ஸ்ப்ரூஸ் என்பது ஓர் ஊசியிலை மரம். ஸ்வீடன் நாட்டில் வீடு கட்டவும் காகிதம் செய்யவும் பெரிதும் பயன்படுவது. அது நன்கு விதை தருவதற்கே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அதன் பின்னரும் எல்லா ஆண்டுகளிலும் விதை நிறையக் கிட்டுவதில்லை. 1985-ஆம் ஆண்டில் அறிவியலார் ஒரு புதுவழியைக் கண்டனர். முற்றாத விதையினின்று கருவைப் பிரித்தெடுத்து, ஊட்டக் கூழில் இட்டு, ஆக்சின், சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கிகளைச் சேர்த்தனர். கரு, வெண்ணிறத் திசுவாகப் பெருகியது. அதனுள் எண்ணற்ற இளங்கருக்கள் தோன்றின. ஊக்கிகளை நீக்கி அப்சிசிக் அமிலத்தைச் சேர்த்தால் அவை முதிரும். பின்னர் மெல்ல உலர்த்தி, முளைக்கச் செய்து, படிப்படியாக மண்ணுக்குப் பழக்குவர். இவ்வாறு ஒரே விதையிலிருந்து, மரபால் ஒன்றையொன்று ஒத்த ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பெற இயலும்.

'கரு' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனச்சான்று திடுக்கிடுவது இயல்பே. மனித உயிர், கருவுற்ற கணமுதல் மதிக்கப்பட வேண்டும் என்று 1987-இல் வெளிவந்த 'தோனும் வீத்தே' ஏடு திட்டவட்டமாகக் கூறுகின்றது. ஆயினும் சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. வளர்வது, உணர்வது, பகுத்தறிவது என உயிரின் நிலைகளைப் புனித தோமா அக்குவினாஸ் வேறுபடுத்தினார். மரம் முதல் நிலையைச் சார்ந்தது; மனிதனோ கடவுளின் சாயல். மேலும், ஓர் உயிர் பலவாதல் படைப்பின் ஒழுங்கிற்கு மாறானதன்று. பைன் மர விதையினுள் ஒரே கரு நான்காகப் பிரிவதுண்டு. பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே நிலைக்கும். ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தின் அடியில் கிடைத்த எச்சங்கள் ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழமையானவை என 2008-இல் அறிவிக்கப்பட்டது. தண்டு மடிந்தபோதெல்லாம் அதே உயிர் புதுத் தண்டாக எழுந்திருக்கின்றது. ஆகவே, மரத்தைப் பெருக்குவதில் பாவமில்லை.

எனில், சிக்கல் எங்கே இருக்கின்றது? எதைப் பெருக்குவது என்று தேர்வதில் இருக்கின்றது. முதிர்ந்து தன் தரத்தை மெய்ப்பித்த மரத்திலிருந்து இத்தகைய திசுவைப் பெறுவது மிகக் கடினம். விதைக்குள் இருக்கும் இளங்கருவே எளிதில் பெருகும். அதுவோ இன்னும் எதையும் மெய்ப்பிக்கவில்லை. எளிதில் பெருக்க இயலும்போது தரம் தெரிவதில்லை. தரம் தெரியும்போது பெருக்குவது எளிதாயில்லை. இதற்கு அறிவியலார் கண்ட வழி காத்திருத்தலே. திசுவின் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில், சுழியத்திற்குக் கீழே 196 பாகை குளிரில், உறங்க வைக்கின்றனர். மறு பகுதியிலிருந்து வளர்த்த கன்றுகளை நிலத்தில் நட்டு, பனியிலும் நோயிலும் அவை எப்படி நிற்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் பார்க்கின்றனர். நல்லதெனத் தெரிந்த பின்னரே உறங்கும் திசுவை எழுப்புகின்றனர். 2013-இல் இம்மரத்தின் மரபணுத்தொகுதியின் வரைவு ஆராய்ந்து வெளியிடப்பட்டது. மனிதனுடையதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு பெரியது அது. அதன் பின்னரும் நிலம் தரும் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கின்றது. இந்தப் பணிவு நமக்கும் பாடமாகத் தக்கது.

பணிவு குன்றினால் விளைவது என்ன என்பதற்கும் சான்று உண்டு. மத்திய ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் இயல்பாக வளராத இடங்களிலும் அதனையே பரவலாக நட்டனர். 2018-இல் தொடங்கிய வறட்சியில் மரங்கள் நலிந்தன. பட்டைவண்டு பெருகிப் பெருங்காடுகளை அழித்தது. அவை ஆய்வகக் கன்றுகளல்ல; ஒரே இனம் என்பதே போதுமாயிருந்தது. ஒரே இனத்திற்குள்ளும் ஒரே மரபையே நட்டால் இடர் இன்னும் மிகும். அதனால்தான் பல மரபுகளைக் கலந்து நடுமாறு அறிந்தோர் கூறுகின்றனர். இயற்கைக் காடுகளுக்குப் பதிலாக ஒற்றைப்பயிர்த் தோப்புகள் எழுவதைக் குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் கவலை தெரிவித்தார். நாம் இன்று வேண்டாமென ஒதுக்கும் மரத்தில்தான் நாளைய நோய்க்கு எதிர்ப்பாற்றல் இருக்கக்கூடும். களைகளைப் பிடுங்க விரைந்த பணியாளரை அறுவடை வரை பொறுக்கச் சொன்ன வீட்டுத் தலைவரை இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

மரத்திற்கு ஆகும் இம்முறை மனிதனுக்கு ஆகுமா? சோதித்து, தேர்ந்து, தேறியதை மட்டும் வைத்துக்கொள்வது தோட்டக்காரனின் அறம். மனிதக் கருவைச் சோதித்துக் குறையுள்ளதைக் கழிப்பவர்கள் அந்த அறத்தைக் கருப்பைக்குள் கொண்டு செல்கின்றனர். அவர்களைக் கண்டிக்கும் நாமும் நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். மதிப்பெண் மிகுந்த பிள்ளைக்கு ஒரு முகமும் பின்தங்கிய பிள்ளைக்கு வேறொரு முகமும் காட்டுகையில், நாமும் பிள்ளைகளைக் கன்றுகளாக அல்லவா நடத்துகின்றோம்? மரம் தன் தகுதியை மெய்ப்பித்த பின் தேர்வு பெறுகின்றது. மனிதனோ எதையும் மெய்ப்பிக்கும் முன்னரே அன்பு செய்யப்பட்டவன். நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார்.

காட்டைப் பேணும் பொறுப்பைக் கடவுள் நம்மிடம் தந்துள்ளார். அதற்குரிய அறிவை நன்றியோடு பயன்படுத்துவோம். நிலம் சான்று கூறும் வரை பொறுத்திருப்போம். நம் மேசையைச் சுற்றி ஒலிவக் கன்றுகளாய் அமர்ந்திருக்கும் பிள்ளைகளையோ, எந்தச் சான்றும் கேளாமல் இன்றே நேசிப்போம்.