மண்டையில் ஏறும் லண்டன்

நாற்பதைத் தாண்டியவரிடம் புதிதாக எதையாவது படிக்கச் சொன்னால், “இனிமே மண்டையில எங்க ஏறப்போகுது?” என்று கையை விரிப்பார். லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சேரிங் கிராஸை நடுவில் வைத்து ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1865-இல் தொடங்கிய இந்தத் தேர்வுக்குப் பெயர் ‘நாலெட்ஜ்’.

வகுப்பறை பெரும்பாலும் தெருதான். ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் தடக்குறிப்பைச் செருகிக்கொண்டு, மழையென்றும் குளிரென்றும் பாராமல் சுற்றுகிறார்கள். மொத்தம் 320 தடங்கள். முதலாவது மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் சதுக்கம் வரை. ஒருவழிப் பாதைகள் மலிந்த ஊர் என்பதால் போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு. பிறகு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்.

தேர்வும் வாய்மொழிதான். கோட்டும் டையுமாகப் போய் உட்கார்ந்தால், தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். வரைபடம் பார்க்காமல் ஒவ்வொரு திருப்பத்தையும் தெருப்பெயரோடு சொல்ல வேண்டும். தேறத் தேற 56 நாளுக்கு ஒருமுறை, 28, பிறகு 21 என்று இடைவெளி சுருங்கும். மூன்று, நான்கு வருடம் சாதாரணமாக ஓடிவிடும்.

நரம்பியல் ஆய்வாளர் எலினர் மகுவயர் 2000-இல் இந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, இட நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படியோ என்ற சந்தேகம் எழாமல் இருக்குமா? அவரும் சக ஆய்வாளர் கேத்தரின் வூலட்டும் 79 பயிற்சியாளர்களைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். 39 பேர் தேறினார்கள். 2011-இல் வெளியான முடிவு: ஆரம்பத்தில் எல்லோர் மூளையும் ஒன்றுபோலத்தான் இருந்தது, தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

வித்தியாசம் எங்கே? தேறியவர்கள் வாரந்தோறும் பயிற்சிக்குச் செலவிட்ட நேரம், தேறாதவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. பாதியில் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கவும் முடியாது. பகலில் வேறு வேலை, மாதம் பிறந்தால் வாடகை, வீட்டில் குழந்தை என்று இருப்பவர் அத்தனை மணி நேரத்துக்கு எங்கே போவார்? மண்டையில் ஏறவில்லை என்று நம்மவர் சொல்வதில் பாதியாவது, உட்கார நேரமில்லை என்பதாகத்தான் இருக்கும்.

சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சொல்லாத ஒரு செலவும் இதில் உண்டு. சிக்கலான கோட்டுப்படம் ஒன்றைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, தேறிய ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள்.